மிஸஸ் பட்டேலின் வயிற்றுவலி

1

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் எழுதுகிறவள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்கப்புறம் தமிழில் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் கல்யாணப் பத்திரிகை உறைமேல் விலாசமும்தான். பள்ளியில் என்னோடு படித்த செண்பகம் ஊரில் ஒரு மாத இதழ் நடத்துகிறாள். “அமெரிக்காவுல இத்தனை வருஷமா இருக்க, ஏதாவது எழுதித் தாடி” என்று விடாமல் கேட்கிறாள். பனி, பூங்கா, இலையுதிர் காலத்து மரங்கள் என்று ஏதாவது எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் நடந்த ஒன்று அதையெல்லாம் ஒதுக்கிவிட்டது. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. குழம்பு கொதிக்கும்போது உப்புப் போட்டேனா இல்லையா என்று மறந்துபோகிறது. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்துப் பழகுகிற நோயாளி நான். எனக்கு ஒரு நோயும் இல்லை என்பது வேறு விஷயம்.

2

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசனில். கணவர் காலையில் ரயிலேறி மன்ஹாட்டன் போய்விடுவார். மகன் அருண் பள்ளியின் கடைசி வருடத்தில் இருக்கிறான். நான் தமிழில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். அப்படியே எங்கள் வீடு ஓடுகிறது.

கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற குடும்பத்தில் மனைவி வேலைக்குப் போகத் தனியாக ஓர் அனுமதி அட்டை வாங்க வேண்டும். கைரேகை கொடுத்து, போட்டோ கொடுத்து, மறுபடி கைரேகை கொடுத்து, அது கைக்கு வந்தபோது எனக்குத் தலை நரைத்திருந்தது. எனக்கு என்ன வேலை தெரியும் என்று அட்டையில் போட்டிருக்கவில்லை. நூலகத்தில் நடக்கிற இங்கிலீஷ் வகுப்புக்குப் போகும்போது ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். பக்கத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் நோயாளியாக நடிக்க ஆள் வேண்டும், நடிப்பு அனுபவம் தேவையில்லை, எல்லா நாட்டவரும் வரலாம்.

நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிற நான் நடிக்கப் போனது எங்கள் வீட்டில் இன்னும் வேடிக்கைதான்.

“இன்னைக்கு என்ன வியாதி, மேடம்?” என்பார் கணவர்.

“பித்தப்பையில கல்லு.”

“அப்போ சாயங்காலம் வீட்டுக்கு வருவீங்களா, இல்ல அட்மிட்டா? குக்கர் வைக்கணும், அதான் கேட்டேன்.”

கல்லூரியில் ஒரு மாடி முழுக்கச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், ஒரு கை கழுவும் தொட்டி, கூரையில் ஒரு கேமரா. எனக்குக் கொடுத்திருக்கும் பெயர் மிஸஸ் பட்டேல். இந்தியப் பெண் என்றால் பட்டேல் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். மிஸஸ் பட்டேலுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் அதிகமாகும். மாணவர் கதவைத் தட்டி, கை கழுவி, பெயர் சொல்லி, கேள்வி கேட்டு, வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சரியான இடத்தில் அழுத்தினால் நான் மூச்சைப் பிடித்து முகத்தைச் சுளிக்க வேண்டும். முடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு, நீங்கள் இப்படிச் செய்தபோது எனக்கு இப்படி இருந்தது என்று மாணவரிடம் சொல்ல வேண்டும். பிறகு கணினியில் மதிப்பெண். வைத்தியத்துக்கு மார்க் போடுவது டாக்டர்கள். அன்பாகப் பேசினாரா, மரியாதை காட்டினாரா, பயமில்லாமல் இருந்ததா என்பதற்கு நாங்கள்.

3

ஒரே வியாதியை நாலைந்து பேர் நடிப்போம். ஒருவர் அள்ளிப் போட்டு ஒருவர் கிள்ளிப் போடக் கூடாது என்று அவ்வப்போது எங்களை ஒன்றாக உட்கார வைத்துப் பழைய வீடியோக்களைக் காட்டி மார்க் போடச் சொல்வார்கள். பிறகு ஏன் அந்த மார்க் என்று பேச வேண்டும். நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அதில் நான்சி என்று ஒருவர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மழை நாளில் என்னைத் தன் காரில் வீட்டில் விட்டுப் போவார். என் மகனின் பிறந்த நாளுக்கு வாழைப்பழ ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தவர். கெட்ட மனுஷி என்று அவரை எழுதினால் என் கை அழுகிப்போகும்.

ஒரு நாள் ஓர் உயரமான கறுப்பினப் பையனின் வீடியோ. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினான். “கொஞ்சம் பயமாக இருந்தது, அவ்வளவு பக்கத்தில் வராமல் இருந்திருக்கலாம்” என்றார் நான்சி. மற்றவர்களும் தலையாட்டினார்கள். அடுத்தது ஒரு வெள்ளைக்காரப் பையன். அவனும் அதே மாதிரி இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “எவ்வளவு அக்கறை பாருங்கள்” என்றார்கள். இன்னொரு நாள் தலையில் முக்காடு போட்ட ஒரு பெண். அவள் இங்கிலீஷ் தெளிவாக இருக்கிறது என்று மார்க் கூட்டிக் கொடுத்தார்கள். அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள்.

இதெல்லாம் எனக்கு முதலில் உறைக்கவே இல்லை. அவர்கள் ஊர், அவர்கள் பாஷை, அவர்களுக்குத் தெரியும் என்று நானும் அதே மார்க்கைப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். பிறகு உறைக்கத் தொடங்கியது. உறைத்தும் பேசவில்லை. யாரும் கத்தவில்லை, யாரும் திட்டவில்லை. எதைப் பிடித்துக் கேட்பது?

4

நம் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று செண்பகம் கேட்பாள். கேட்க வேண்டியதுதான்.

நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். வார்டில் காலையில் பெரிய டாக்டரோடு மாணவர்கள் கூட்டமாக வருவார்கள். அதில் ஒருவர் ஒல்லியாக, முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். பெரிய டாக்டர் எல்லோரையும் பெயர் சொல்லிக் கேள்வி கேட்பார். இவரை மட்டும் “நீ அந்த ஸ்டாண்டை நகர்த்து” என்பார். மத்தியானம் ஊசி போட அந்த ஒல்லி மாணவர்தான் வந்தார். அம்மாவோடு சிரித்துப் பேசினார். அப்பா கட்டில் ஓரத்தில் நின்று கேட்டார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

அவர் ஊரைச் சொன்னார்.

“அங்க நமக்குச் சொந்தக்காரங்க உண்டே. ஊருல எந்தப் பக்கம்? பஸ் ஸ்டாண்டுப் பக்கமா, கோயில் பக்கமா?”

“காலனிங்க.”

அப்பா அம்மாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, “ஒண்ணும் நெனச்சுக்காதீங்க தம்பி, நேத்து வந்தாரே, அவரே வந்து போடட்டும். இவளுக்கு அவர் போட்டா வலிக்கிறதில்ல” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. தம்பி என்றுதான் சொன்னார், நீங்க என்றுதான் சொன்னார்.

“சரிங்கய்யா” என்று அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“அந்தத் தம்பியும் நல்லாத்தான் போடுது” என்று அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

இங்கே மீட்டிங் அறையில் எல்லோரும் இனிமையாகப் பேசும்போது அந்த “ஒண்ணும் நெனச்சுக்காதீங்க தம்பி” காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. மரியாதையாகவும் ஒருவரைத் தள்ளி நிறுத்தலாம் என்பதை நான் அமெரிக்காவில் கற்றுக்கொள்ளவில்லை.

5

இனி போன மாதம் நடந்த தேர்வு.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள் ஒரு பெண். மதுமிதா என்று பெயர் அட்டை. நெற்றி, கண், முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிய விதம், எல்லாம் பார்த்ததுமே நம்ம பிள்ளை என்று தெரிந்தது. அவளுக்கும் என்னைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். ஆனால் மிஸஸ் பட்டேலுக்குத் தமிழ் தெரியாது. நானும் காட்டிக்கொள்ளவில்லை, அவளும் காட்டிக்கொள்ளவில்லை. கை கழுவினாள். தண்ணீர் சில்லென்று இருந்ததால் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் என் வயிற்றைத் தொட்டாள். சரியான இடத்தில் அழுத்தினாள். நான் மூச்சைப் பிடித்து முகத்தைச் சுளித்தேன்.

“அய்யோ, சாரி ஆன்ட்டி, சாரி சாரி” என்றாள்.

சொன்ன அடுத்த நொடி அவள் கண் கூரையிலிருந்த கேமராவுக்குப் போனது. முகம் வெளிறிவிட்டது. “ஐ மீன், மிஸஸ் பட்டேல்” என்று திருத்திக்கொண்டு மிச்சத்தை ஒழுங்காக முடித்தாள்.

அம்மா அப்பாவின் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் ஆன்ட்டி, கோயிலில் பிரசாதம் கொடுப்பவர் ஆன்ட்டி, பக்கத்து வீட்டுக்காரர் ஆன்ட்டி என்று வளர்ந்த பிள்ளை. வலித்த முகத்தைப் பார்த்ததும் வேறென்ன வரும் வாயில்? நான் உண்மையில் எனக்கு எப்படி இருந்ததோ அப்படி மார்க் போட்டேன். நன்றாக இருந்தது, நன்றாகப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து டெப்ரா கூப்பிட்டார். எங்களுக்கு நாளும் நேரமும் ஒதுக்குகிற பொறுப்பாளர் அவர்.

“உனக்கு அந்த மாணவியைத் தெரியுமா?”

“தெரியாது.”

“குடும்ப நண்பர்? ஒரே கோயில்?”

“இல்லை.”

“நிச்சயமாக?”

வீடியோவைப் பார்த்த டாக்டர் ஒருவர் எழுதியிருக்கிறாராம். நோயாளியை உறவு சொல்லி அழைத்தார், இருவருக்கும் ஏற்கெனவே பழக்கம் இருக்கலாம், மதிப்பெண்ணும் சந்தேகத்துக்கு இடமாக இருக்கிறது. அந்தத் தேர்வு செல்லாது. அதோடு நடத்தை சரியில்லை என்று அவளுடைய கோப்பில் ஒரு குறிப்பு சேர்க்கலாமா என்று யோசிக்கிறார்கள். வியாழக்கிழமை நான் வந்து பேச வேண்டும்.

போனை வைத்ததும் எனக்கு நான்சிதான் ஞாபகம் வந்தார். போன பருவத்தில் அவர் நோயாளியாக இருந்த தேர்வுக்கு வந்த டைலர் என்ற மாணவன் அவரைப் பார்த்து, “என் ஐந்தாம் வகுப்பு டீச்சர்” என்று கூவி, தேர்வு முடிந்து நடைபாதையில் கட்டிப்பிடித்தான். எல்லோரும் நெகிழ்ந்துபோய்ப் பார்த்தோம். டெப்ராவும் பக்கத்தில் நின்று சிரித்தார். தெரியுமா, நிச்சயமாகத் தெரியுமா என்று நான்சியை யாரும் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னேன்.

“அம்மா, தட்ஸ் அ மைக்ரோஅக்ரெஷன். ரிப்போர்ட் இட்” என்றான் அருண், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

“அப்படின்னா?”

“ஸ்மால் ரேசிஸம். தேர் இஸ் அ வர்ட் ஃபார் இட்.”

“பேரு வச்சா சரியாப் போயிடுமாடா?”

“ஐ டோன்ட் நோ, அம்மா. யூ ஆஸ்க்ட்.”

“நீ எதுக்கு இதுல தலைய விடுற?” என்றார் கணவர். “உன் ஒர்க் பர்மிட் கார்டு ரினியூவல் வேற பெண்டிங். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வா.”

6

ஞாயிற்றுக்கிழமை ஓக் ட்ரீ ரோட்டில் மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். கருவேப்பிலை பாக்கெட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது எதிரில் மதுமிதா. என்னைப் பார்த்ததும் ஒரு பாக்கெட்டை எடுத்து மறைத்துக்கொள்வது மாதிரி மார்போடு பிடித்துக்கொண்டாள்.

“ஓ நோ” என்றாள். “ஆன்ட்டி, நாம பேசக் கூடாது, ஐ திங்க்.”

“சரிம்மா, நான் அந்தப் பக்கம் போயிடறேன்.”

“இல்ல, வெய்ட். நீங்க தமிழா?”

“ஆமா.”

“ஐ நியூ இட். பட்டேல்னு சொன்னதும் எனக்கு டவுட்டா இருந்தது.” இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவளுக்குச் சிரிப்பு நின்றது. “என்னால உங்களுக்கு ப்ராப்ளமா?”

“எனக்கென்ன? உனக்குத்தான்.”

அவள் டெக்ஸஸில், ரவுண்ட் ராக்கில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கே கம்ப்யூட்டர் வேலை. இந்த வருடம் மேற்பயிற்சிக்கு ஆஸ்பத்திரிகளில் இடம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கோப்பில் நடத்தைக் குறிப்பு ஒன்று ஏறினால், விண்ணப்பம் போகிற ஆஸ்பத்திரியெல்லாம் அதைப் படிக்கும்.

“ரீடேக் ஓகே ஆன்ட்டி. எத்தனை தடவை வேணா எழுதறேன். அந்த நோட் மட்டும் வேணாம்.”

“இப்படி எல்லாம் அடிக்கடி நடக்குமா?”

தோளைக் குலுக்கினாள். “பேஷண்ட்ஸ் என்னைப் பார்த்து பிளாங்கெட் கேப்பாங்க, டாக்டர் எப்ப வருவார்னு கேப்பாங்க. அது பழகிடுச்சு. எங்க டீம்ல ஸ்ருதின்னு இன்னொரு பொண்ணு. சீனியர் டாக்டர் என்னை ஸ்ருதின்னு கூப்பிடுவார், அவளை மதுன்னு கூப்பிடுவார். ரெண்டு பேரும் ரெண்டு பேருக்கும் ஆன்ஸர் பண்ணிடுவோம். எவால்யுவேஷன்ல அவ பண்ண கேஸ் என் பேர்ல வந்துது, என்னோடது அவ பேர்ல.”

“திருத்தச் சொல்லலயா?”

“சொன்னா டிஃபிகல்ட் பொண்ணுன்னு எழுதுவாங்க. இங்க எல்லாமே யாராவது எதையாவது எழுதறதுதான், ஆன்ட்டி.” பாக்கெட்டை மாற்றி மாற்றிப் பிடித்தாள். “ப்ளீஸ், நீங்க ஒண்ணும் ஃபைட் பண்ண வேணாம். என்னைத் தெரியாதுன்னு மட்டும் சொல்லிடுங்க. தட்ஸ் ஆல்.”

“அன்னைக்குத் தெரியாதுதானே.”

“எக்ஸாக்ட்லி.”

நான் பொன்னி அரிசி மூட்டையைத் தூக்கப் போனேன். அவள் அதை வாங்கிக்கொண்டு கார் வரைக்கும் தூக்கிவந்தாள். டிக்கியில் வைக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். திருட்டு மூட்டையை ஏற்றுகிறவள் மாதிரி. டாக்டருக்குப் படிக்கிற பெண் ஒரு மூட்டை அரிசிக்கு அப்படிப் பயந்து நின்றதை என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவளை எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். ஊர் தெரியும், அப்பா வேலை தெரியும், அவள் பயம் தெரியும். சந்தேகப்பட்டார்கள், சந்தேகம் மெய்யாகிவிட்டது. தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும் என்று சொன்னால் அந்தக் குறிப்பை நானே எழுதிக் கொடுத்த மாதிரி.

திங்கள், செவ்வாய், புதன். நின்றால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பாத்திரம் கழுவும்போது சரியாக வந்தது, கையைத் துடைத்ததும் போய்விட்டது.

7

வியாழக்கிழமை டெப்ராவும், தேர்வுக்குப் பொறுப்பான டாக்டரும் இருந்தார்கள். டாக்டர் தாமே எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நல்ல மனிதர்.

“இந்த மாணவிக்கும் உங்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?”

தெரியாது என்று ஆரம்பித்தேன். அரிசி மூட்டையோடு அவள் நின்றது கண்ணில் நின்றது. அந்தப் பிள்ளையைத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“தேர்வு அன்றைக்குத் தெரியாது” என்றேன். “ஞாயிற்றுக்கிழமை கடையில் பார்த்தேன். பேசினேன். என் அரிசியைக் காரில் வைத்தாள். இப்போது தெரியும்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் ஏதோ எழுதினார். என் காது இரண்டும் கொதித்தன. கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“அவர் உங்களை ஆன்ட்டி என்று அழைத்தார். அத்தை என்றுதானே பொருள்?”

“இல்லை. எங்களில் அம்மா வயதுப் பெண்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும். பெயர் சொல்லக் கூடாது என்பதால்.”

“அது உங்களுக்குச் சங்கடமாக இருந்ததா?”

“இல்லை. என் வலி அவளுக்கு வலித்தது மாதிரி இருந்தது. அதற்குத்தான் மார்க்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். கணவர் சொன்னதும் அதுதான், மதுமிதா கேட்டதும் அதுதான். என் வாய் நிற்கவில்லை.

“ஒன்று கேட்கலாமா? மாணவரைத் தெரியுமா என்று மற்ற நோயாளிகளையும் கேட்பீர்களா?”

நான் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. டாக்டர், “கேட்போம் என்று நினைக்கிறேன்” என்று டெப்ராவைப் பார்த்தார். டெப்ரா பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். கழுத்திலிருந்து முகம் வரைக்கும் சிவந்தது.

“இல்லை” என்றார் டெப்ரா. “இதுவரைக்கும் யாரையும் கேட்டதில்லை. போன பருவத்தில் ஒருவரைக் கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை.”

பிறகு டாக்டர் எழுதிக்கொண்டிருந்த தாளை மடித்தார். கோப்பில் குறிப்பு எதுவும் சேர்க்க மாட்டோம் என்றார். ஆனால் தேர்வை மறுபடி நடத்திவிடுவதுதான் எல்லோருக்கும் நல்லது, நாளைக்கே, வேறு ஒரு நோயாளியை வைத்து. என்னையும் இனிமேல் தெற்காசிய மாணவர்களுக்கு நோயாளியாகப் போடாமல் இருந்தால் எனக்கும் சங்கடம் வராது என்றார். என் கருத்தைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி சொன்னார். வாசல் வரைக்கும் வந்து கதவைத் திறந்துவிட்டார்.

மதுமிதாவுக்குச் சொல்ல அவள் போன் நம்பர் என்னிடம் இல்லை. இருந்தாலும் கூப்பிட்டிருப்பேனா என்று தெரியவில்லை.

மறுநாள் எனக்குத் தலைவலி கேஸ். மாணவர்கள் வந்தார்கள், போனார்கள். மதியம் சாப்பாட்டு அறையில் நான்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காலையில் மதுமிதாவுக்கு நோயாளியாக இருந்தது அவர்தான். பாஸ் ஆகிவிட்டாள், ஒரு தப்பும் செய்யவில்லை, ஒவ்வொரு முறையும் மிஸஸ் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள் என்றார். “ஆனால் கொஞ்சம் ஒட்டாமல் இருந்தாள். அதையும் எழுதியிருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, தன் ரொட்டியில் பாதியை எனக்குப் பிட்டுக் கொடுத்தார்.